தொண்ணூறு நாள் பாஷை

"தொண்ணூறே நாளில் ஸ்பானிய பாஷையைச் சரளமாகப் பேசலாம்!" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று நம் மேஜையின்மீது கிடக்கிறது. அதன் மூலையில் ஒரு காளைச் சண்டைக்காரரின் படம். காளையும் அவரும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் யாரை ஜயித்தார்கள் என்பது படத்தில் இல்லை. இந்தப் பிரசுரத்தை வெளியிட்ட வித்தியாசாலையின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. அது ஊருக்கு ஊர் வேறு பெயரில் இருக்கிறது. வாக்குறுதி மட்டும் எங்கும் ஒன்றுதான்.

இந்தக் காகிதம் நம் வீட்டுக்கு வந்த வரலாறு இது. நம் தமக்கையின் மகள் பி.காம். தேறியவள், கெட்டிக்காரி. நகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். அந்தக் கம்பெனிக்கு மெக்ஸிகோவிலும் கொலம்பியாவிலும் வாடிக்கைக்காரர்கள் உண்டு. ஸ்பானிய பாஷை தெரிந்தவர்களுக்கு மேல் உத்தியோகமும் கூடுதல் சம்பளமும் கிடைக்கும் என்று மேலதிகாரி ஒரு நாள் சொன்னாராம். தகப்பனார் இல்லாத குடும்பம். தாயார் தன் கையிலிருந்த வளையல்கள் இரண்டை அடகு வைத்து வகுப்புக் கட்டணத்தைக் கட்டினாள்.

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பு. பதின்மூன்று வாரம் முடிந்ததும் தங்க ரேக்குப் போட்ட ஒரு பத்திரம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரமே கம்பெனியில் பரீட்சை வைத்தார்கள். மெக்ஸிகோ நகரத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசினாள். காலை வணக்கம் சொன்னது பெண்ணுக்கு விளங்கிற்று. அதற்குப் பிறகு தகரக் கூரையின்மீது மழை பெய்ததுபோல் இருந்ததாம். "சற்று மெதுவாகப் பேசுங்கள்" என்று சொல்வதற்குக்கூட அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாம் போய்க் கதவைத் தட்டியபோது, "எனக்கு மூளை கிடையாது, மாமா. அம்மாவின் வளையல் போனதுதான் மிச்சம்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக உபாத்தியாயர் தொழில் பார்க்கும் நமக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. கணக்கு வராத பையன் சொல்லியிருக்கிறான்; ஆங்கிலம் வராத பெண் சொல்லியிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் நமக்குக் கோபம் வரும். அவர்கள்மீது அல்ல, அவர்களிடம் தப்பான அளவுகோலைக் கொடுத்துவிட்டு, "நீ குட்டை" என்று சொன்னவர்கள்மீது. அன்றிரவு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். வாரம் நாலரை மணி; பதின்மூன்று வாரம்; மொத்தம் ஐம்பத்தெட்டரை மணி. சரி, ஒரு பாஷை ஐம்பத்தெட்டரை மணியில் வருமா? பிறகு, உண்மையில் எத்தனை மணி வேண்டும் என்று தேடப் புறப்பட்டோம்.

இதை நன்றாக அறிந்தவர்கள் அமெரிக்க அரசாங்கத்தார். அவர்கள் தங்கள் தூதர்களையும் ராஜதந்திர உத்தியோகஸ்தர்களையும் வெளிநாட்டுக்கு அனுப்புமுன் அந்தந்த நாட்டுப் பாஷையைக் கற்பிப்பதற்காக 'பாரின் ஸர்வீஸ் இன்ஸ்டிடியூட்' என்ற ஸ்தாபனத்தை 1947-ம் வருஷத்தில் ஏற்படுத்தினார்கள். அங்கே எத்தனையோ வருஷங்களாக எத்தனையோ பேருக்குக் கற்பித்த அனுபவத்தைக் கொண்டு ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் உத்தியோகக் காரியங்களைத் தட்டுத் தடங்கலின்றி நடத்தும் அளவுக்கு ஒரு பாஷையில் தேர எவ்வளவு காலம் ஆகும் என்பதே அந்தப் பட்டியல். அதில் ஸ்பானிய பாஷை மிகச் சுலபமான வகுப்பில் இருக்கிறது. மிகச் சுலபமானதற்கே 24 முதல் 30 வாரம்; அதாவது 600 முதல் 750 மணி நேரம் வகுப்பு!

இது வகுப்பு நேரம் மட்டுமே. வீட்டுக்குப் போய்ப் படிப்பது தனி. அந்த மாணாக்கர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு அந்த மாதங்களில் வேறு வேலை கிடையாது. படிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறார்கள். ஓர் ஆசிரியருக்குச் சில மாணாக்கர்களே இருப்பார்கள். சாயங்காலம் களைத்துப் போய், நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு வகுப்புக்கு வரும் நிலைமை அவர்களுக்கு இல்லை. இவ்வளவு சௌகரியமும் உள்ளவர்களுக்கே அறுநூறு மணி வேண்டுமானால், நம் பெண்ணுக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்து மைல் தூரத்திலுள்ள ஊருக்குப் போகவேண்டியவளை முதல் மைல் கல்லில் இறக்கிவிட்டு, "ஊர் வந்துவிட்டது" என்று சொல்லிப் பத்திரமும் கொடுத்திருக்கிறார்கள். ஊரைக் காணோமே என்று அவள் அழுதிருக்கிறாள்.

இந்தப் பட்டியலில் நம் தமிழும் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழுக்கு 44 வாரம், 1100 மணி என்று போட்டிருக்கிறார்கள். ஜப்பானிய பாஷைக்கும் சீன பாஷைக்கும் 88 வாரம், 2200 மணி. இதைக் கண்டதும் நம் சகபாடியான தமிழ்ப் பண்டிதர், "பார்த்தீர்களா! ஸ்பானிய பாஷையைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு!" என்று பூரித்துப் போனார். அவருடைய சந்தோஷத்தை நாம் கெடுக்கவில்லை. ஆனால் அந்த எண்கள் ஆங்கிலத்துக்கும் அந்தந்தப் பாஷைக்கும் உள்ள தூரத்தைத்தான் காட்டுகின்றன. பாஷையின் உயர்வு தாழ்வை அளக்க அதில் இடமில்லை. ஆங்கிலத்துக்கும் ஸ்பானிய பாஷைக்கும் இலத்தீன் வழியாக வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் பொது. இலக்கணமும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து புறப்படுகிறவனுக்கு மதுரை ஒரு தூரம். திருச்சியிலிருந்து புறப்படுகிறவனுக்கு வேறு தூரம்.

ஆகவே நம் பெண்ணுக்கு எத்தனை மணி வேண்டும்? அவள் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்றவள். ஆகையால் அந்தப் பொதுச் சொற்களில் பெரும்பகுதி அவளுக்கும் உதவும். இலக்கணத்தில் தமிழ் சில இடங்களில் அவளை முன்னே தள்ளுகிறது. சில இடங்களில் பின்னே இழுக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க அந்த வித்தியாசாலையில் ஒருவரும் இல்லை. நாமே கற்றால்தான் தெரியும் என்று, நாற்பத்தாறு வயதில், அவளுடைய பழைய பாட புஸ்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தோம். தினம் இரவு எட்டு மணிமுதல் ஒன்பது மணிவரை. மளிகைக் கணக்கு எழுதும் நோட்டுப் புஸ்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு போட்டு வந்தோம். முன்பக்கத்தில் துவரம்பருப்பு, பின்பக்கத்தில் ஸ்பானிய பாஷை.

முதல் வாரத்திலேயே ஒரு சந்தோஷம் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று. ஸ்பானிய பாஷையில் எழுதியபடியே படிக்கலாம். அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிரொலிகள். எங்கே வந்தாலும் அதே ஒலி. மெய்களில் சில சங்கதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்: 'ஹ' எழுத்துக்கு ஒலி இல்லை, 'வ' என்று எழுதினாலும் 'ப'வைப் போலவே சொல்லவேண்டும். ஒரு வாரத்தில் எந்தப் பத்திரிகையையும் உரக்கப் படித்துவிடலாம். அர்த்தம் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒலி விஷயத்தில் தமிழன் பாக்கியசாலி என்றே சொல்லவேண்டும். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் 'ப', 'த', 'க' என்னும் ஒலிகளைச் சொல்லும்போது கூடவே மூச்சும் வெடித்து வரும். அதை அடக்க அவர்கள் மாதக்கணக்கில் பாடுபடவேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கல்' என்பதில் வல்லோசையாக வரும் ககரம், 'அகம்' என்பதில் மெல்ல நெகிழ்கிறது அல்லவா? 'தலை'யில் உள்ள தகரம் 'அது'வில் குழைகிறது அல்லவா? ஸ்பானிய பாஷையிலும் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும்போது இந்த மாதிரி ஒலிகள் நெகிழ்கின்றன. 'ஒன்றுமில்லை' என்பதற்கு அவர்கள் சொல்வது 'நாதா'. தகரத்தை 'அது'வில் சொல்வதுபோலவே சொல்லவேண்டும். ஓர் இரவு நம் தமக்கை மகள் அறையில் தனியாக உட்கார்ந்து, "நாதா... நாதா..." என்று பத்துத் தரம் உருக்கமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். பழைய நாடகங்களில் கதாநாயகிகள் நாயகனை அழைப்பதைக் கேட்டு வளர்ந்த நம் தாயார் பதறிக்கொண்டு ஓடி வந்து, "யாரைக் கூப்பிடுகிறாள்?" என்று கேட்டாள். "ஒருவரையும் இல்லை, அம்மா. 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லுகிறாள்" என்று நாம் உண்மையைச் சொன்னோம். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

ரகர றகர பேதமும் இப்படித்தான். 'பெரோ' என்று இடையினமாகச் சொன்னால் 'ஆனால்'. 'பெற்றோர்' என்பதை விடுங்கள், நாவை அதிரவைத்து 'பெர்ரோ' என்றால் 'நாய்'. 'காரோ' என்றால் விலை அதிகம். 'கார்ரோ' என்றால் வண்டி. நம்மவர்களில் பலர் ரகரத்தையும் றகரத்தையும் ஒரே மாதிரி சொல்லப் பழகிவிட்டார்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கத்தில் இன்றும் அந்த வேற்றுமை காதில் விழுகிறது. அந்தப் பக்கத்தார் ஸ்பானிய பாஷை கற்றால் நாயையும் 'ஆனால்'ஐயும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் நாம் மிகவும் ஆச்சரியப்பட்டது நாலாவது மாதத்தில்தான். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதற்கு ஸ்பானிய வாக்கியம் 'மே துவேலே லா காபேஸா'. 'மே' என்றால் எனக்கு; 'துவேலே' என்றால் வலிக்கிறது; 'லா காபேஸா' என்றால் தலை. 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நான் என்று ஆரம்பித்து, பிடித்தம் என்னும் காரியத்தை நானே செய்வதுபோல் சொல்கிறார்கள். ஸ்பானியரும் தமிழரும் அப்படிச் சொல்வதில்லை. பிடிப்பது பொருளின் காரியம். நாம் நான்காம் வேற்றுமையில் சும்மா இருக்கிறோம். ஆங்கிலேயர்களுக்காக எழுதிய பாட புஸ்தகத்தில் இந்த ஒரு விஷயத்துக்கு ஆறு பக்கம் செலவழித்து, "இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று எச்சரிக்கிறார்கள். நம் பெண்ணும் அந்த வகுப்பில் முதலில் தமிழை ஆங்கிலமாக்கி, பிறகு ஆங்கிலத்தைத் தலைகீழாக்கி, அதன் பிறகு ஸ்பானிய வாக்கியத்தை அமைத்திருக்கிறாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது இதுதான். "நீ வீட்டில் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல்" என்று நாம் சொன்னதும், சிறிது நேரம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அரை மணியில் முப்பது வாக்கியம் எழுதினாள்.

இதைப் போல இன்னும் உண்டு. ஸ்பானிய வினைச்சொல்லின் ஈற்றைப் பார்த்தே பேசுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளலாம். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 'வந்தேன்' என்று சொன்னால் நமக்குப் போதவில்லையா? ஒருமையில் 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்' என்று நீ, நீங்கள் இரண்டும் உண்டு. யாரை எப்படி அழைப்பது என்பதைத் தமிழ் வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரைச் சேர்த்து 'நாம்' என்றும், சேர்க்காமல் 'நாங்கள்' என்றும் நாம் சொல்லுகிறோமே, அந்த நுட்பம் மட்டும் அவர்களிடம் இல்லை. இந்தப் பகுதியை ஸ்பானிய பாஷையில் எழுத நேர்ந்தால், வாசகர்கள் உள்ளே இருக்கிறார்களா வெளியே நிற்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

இவ்வளவு லாபத்தையும் சொல்லிவிட்டு நஷ்டத்தை மறைத்தால் நாமும் துண்டுப் பிரசுரம் போட்டவர்களாவோம். நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, மேஜை நாற்காலிகளை அஃறிணையில் தள்ளி நிம்மதியாக இருக்கிறோம். ஸ்பானிய பாஷையில் மேஜை பெண், புஸ்தகம் ஆண். நாற்காலி பெண், அதன்மேல் கிடக்கும் தொப்பி ஆண். 'ஓ' என்று முடிந்தால் ஆண், 'ஆ' என்று முடிந்தால் பெண் என்று ஒரு விதியைக் கொடுத்துவிட்டு, 'மானோ' ஆகிய கை பெண் என்றும், 'தியா' ஆகிய நாள் ஆண் என்றும் மறுநாளே சொல்லுகிறார்கள். அடைமொழியும் அதற்கேற்ப மாறவேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னே வரும் 'எல்' அல்லது 'லா'வோடு சேர்த்தே மனப்பாடம் செய்யவேண்டும்.

வினைச்சொல்லோ ஒரு சமுத்திரம். ஒரே வினைக்கு ஐம்பது உருவங்களுக்குக் குறையாமல் உண்டு. அவற்றிலும் அடிக்கடி வழங்கும் வினைகளே விதிக்கு அடங்காதவை. 'நீ வருகிறாய்' என்பதற்கு ஓர் உருவம். 'நீ வரவேண்டுமென்று விரும்புகிறேன்' என்னும்போது அந்த வருதலுக்கு வேறோர் உருவம். நடந்தது வேறு, நடக்கவேண்டுமென்று நினைப்பது வேறு என்று வினையிலேயே காட்டுகிறார்கள். இந்த இடத்தில் நாம் இரண்டு மாதம் தேங்கி நின்றோம். நோட்டில் கோடுகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன, வித்தை ஏறவில்லை.

'இரு' என்பதற்கு அவர்களுக்கு இரண்டு வினைகள். ஒருவரின் இயல்பைச் சொல்ல 'ஸேர்'; அப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்'. விதியைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் "உன் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது" என்றோம். ஸ்பானிய பாஷையில் மாமாவுக்குத் 'தீயோ' என்று பெயர். அதையே நாம் மன்னித்திருந்தோம். அன்றைக்கு நாம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததைக் கண்ட பெண், 'மாமா சலிப்படைந்திருக்கிறார்' என்று எழுத நினைத்து, 'எஸ்தா அபுர்ரிதோ' என்பதற்குப் பதிலாக 'எஸ் அபுர்ரிதோ' என்று எழுதிவிட்டாள். அதற்கு 'மாமா பிறருக்குச் சலிப்பூட்டும் மனிதர்' என்று அர்த்தம்! சிவப்பு மையை எடுத்துத் திருத்தினோம். திருத்தியிருக்க வேண்டுமா என்று நம் மாணாக்கர்களைக் கேட்டால்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் கடினம் காதுதான். கண்ணுக்கு வாக்கியம் காத்திருக்கும், காதுக்குக் காத்திராது. மெக்ஸிகோக்காரர், அர்ஜென்டைனாக்காரர், மாட்ரிட் நகரத்தார் மூவரும் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இருபது தேசங்களில் ராஜ்ய பாஷையாக இருந்து, ஐம்பது கோடிக்குச் சற்றுக் குறைவான ஜனங்களுக்குத் தாய்மொழியான பாஷை அப்படித்தான் இருக்கும். நம் பெண்ணைத் தொலைபேசியில் திகைக்க வைத்தது இதுவே. வகுப்பில் அவள் கேட்டதெல்லாம் ஓர் ஆசிரியரின் நிதானமான குரல்.

வருஷக் கணக்கில் ஆகும் என்றால் சிலர், "இன்னார் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டாரே" என்பார்கள். அதற்கு நல்ல உதாரணங்கள் நம் தேச சரித்திரத்திலேயே இருக்கின்றன. எம். என். ராய் 1917-ம் வருஷத்தில் அமெரிக்கப் போலீஸாரிடமிருந்து தப்பி மெக்ஸிகோவுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது முப்பது. அங்கே ஸ்பானிய பாஷையைக் கற்றார். 1918-ம் வருஷத்திலேயே இந்தியாவின் சென்ற காலம், நிகழ்காலம், வருங்காலம் ஆகியவற்றைப் பற்றிய அவருடைய புஸ்தகம் ஸ்பானிய பாஷையில் வெளியாயிற்று. 1919-ல் அந்த நாட்டுச் சோஷலிஸ்டுக் கட்சி கம்யூனிஸ்டுக் கட்சியாக மாறியபோது அவர் முன்னணியில் நின்றார். இன்னொருவர் பாண்டுரங்க கான்கோஜே. வார்தாப் பக்கத்தைச் சேர்ந்தவர். கதர் இயக்கத்தில் ஈடுபட்டவர். தாய்நாட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் 1924-ல் மெக்ஸிகோவை அடைந்தார். நாற்பதை ஒட்டிய வயதில் சாப்பிங்கோ விவசாயக் கலாசாலையில் ஆசிரியராகி, மெக்ஸிகோ விவசாயிகளின் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையிலேயே சோளத்தையும் கோதுமையையும் பற்றிப் பாடம் சொன்னார். பிரசித்தி பெற்ற சித்திரக்காரர் டியேகோ ரிவேரா தம் சுவர்ச் சித்திரம் ஒன்றில் அவரை உணவு மேஜையின் தலைப்பில் அமர்த்தி, ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பவராக எழுதியிருக்கிறார்.

இவர்கள் மகா புத்திசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மணிக் கணக்கைப் பாருங்கள். ரொட்டி வாங்கவும், வீட்டு வாடகை பேசவும், நண்பரோடு வாதாடவும் அந்தப் பாஷையைத் தவிர வேறு கதியில்லாத ஊரில் ஒருவர் இருந்தால், நாளைக்கு ஆறு மணி நேரமாவது அது காதிலும் வாயிலும் புரளும். வருஷத்துக்கு 2190 மணி! நம் வீட்டில் தினம் ஒரு மணி வீதம் அதே அளவை எட்ட ஆறு வருஷம் வேண்டும். காலண்டரில் ஒரு வருஷம் என்று இருக்கிறதே தவிர, கடிகாரத்தில் அது ஆறு வருஷம். 'எத்தனை நாள்?' என்று கேட்பதை விட்டு 'எத்தனை மணி?' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாகப் படித்துவிடுகிறேனே" என்று நம் பெண் கேட்டாள். அது ஆகாது. எப்பிங்ஹௌஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-ல் புஸ்தகம் எழுதினார். கற்ற முதல் நாளிலேயே மறதி மிக வேகமாக நடக்கிறது; இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று அவர் கண்டார். இதை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பிரம்பின் உதவியால் முன்னமே கண்டிருந்தார்கள். தினம் ஒரு மணி என்பதே நல்ல அளவு. கைபேசியில் பச்சை மஞ்சள் பொத்தான்களை அழுத்தி ஐந்து நிமிஷம் விளையாடுவதையும் நாம் வெறுக்கவில்லை. அதை நம் நோட்டில் ஐந்து நிமிஷமாகவே எழுதினோம்.

வழியில் கிடைத்த சில சந்தோஷங்களை மணிக் கணக்கில் சேர்க்க முடியாது. சதுரங்கத்துக்கு ஸ்பானியச் சொல் 'ஆஹெத்ரேஸ்'. நம்முடைய 'சதுரங்க'மே பாரசீகம் போய், அரபு தேசம் போய், அங்கே முகம் மாறி ஸ்பெயினில் இறங்கியிருக்கிறது. 'நாரங்கம்' அதே வழியில் போய் 'நாராங்ஹா' ஆயிற்று. நம் மாங்காய் போர்த்துக்கீசியர் கையில் ஏறி 'மாங்கோ'வாக நிற்கிறது. கட்டுமரம் 'கதமரான்' ஆகியிருக்கிறது. ஸ்பெயினில் முஸ்லிம் ராஜ்யங்கள் ஏறக்குறைய எண்ணூறு வருஷம் இருந்தன. கடைசி ராஜ்யமான கிரானடா வீழ்ந்தது 1492-ல். அதே வருஷத்தில்தான் கொலம்பஸ் கப்பலேறினார். நெப்ரிஹா என்ற பண்டிதர் ஸ்பானிய பாஷைக்கு முதல் இலக்கண நூலை வெளியிட்டதும் அதே வருஷத்தில்தான். ராஜ்யம் போன பிறகும் அரபுச் சொற்கள் போகவில்லை. 'அப்படி நடக்கக்கூடாதா!' என்று ஏங்கும்போது இன்றும் ஸ்பானியர் சொல்வது 'ஓஹலா'. 'ஆண்டவன் திருவுளமானால்' என்ற அரபு வாசகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் வினை, நம்மை இரண்டு மாதம் தேங்க வைத்த அந்த விருப்ப உருவத்தில்தான் வரவேண்டும். 'ஓஹலா'வைக் கற்ற அன்றுதான் அந்தத் தேக்கமும் உடைந்தது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்ணுக்கு இருபத்து நாலு, நமக்கு நாற்பத்தாறு. சொற்களை அவள் இரண்டு தரம் படித்தால் போதும். நாம் ஐந்து தரம் படிக்கிறோம். அவள் காது நம் காதைவிட முன்னே ஓடுகிறது. இலக்கணத்தில் மட்டும் நாம் சற்று முந்தியிருந்தோம். ஆறு மாதமாக அதுவும் இல்லை.

நேற்றிரவு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். பதினாலு மாதத்தில் பண்டிகை, காய்ச்சல், பரீட்சைத் தாள் திருத்தல், உறவினர் கல்யாணம் எல்லாம் போக 361 கோடுகள். வகுப்பில் கழிந்த ஐம்பத்தெட்டரை மணியையும் சேர்த்தால் 419½ மணி. இன்னும் இருநூறு மணியாவது இருக்கிறது. அதாவது தினம் ஒரு மணி தவறாமல் இருந்தால் ஏழு மாதம். போன மாதம் கம்பெனியில் அவள் மேலதிகாரியிடம் தானே போய், "இந்த வருஷம் பரீட்சை வேண்டாம், அடுத்த சித்திரையில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் சம்மதித்துவிட்டார். வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. வட்டி மட்டும் மாதாமாதம் கட்டி வருகிறாள்.

நேற்றுப் பாடம் முடிந்ததும் மெக்ஸிகோ வானொலி ஒன்றைக் கைபேசியில் வைத்தாள். வானிலை அறிக்கை. நமக்கு 'மழை' என்ற ஒரு சொல் அகப்பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "வெராக்ரூஸ் பக்கத்தில் நாளைக் காலையில் பலத்த மழையாம், மாமா, மீன் பிடிக்கப் போகிறவர்கள் போகவேண்டாமாம்" என்றாள். சமையலறையிலிருந்து அவள் தாயார், "இங்கே எப்பொழுது பெய்யுமாம்?" என்று கேட்டாள்.